ஒரு டி.பி. என்று சொல்வதற்குள்

சாலை ரோடு என்கிற தெருவில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறவரைக்கும் புகழேந்திக்கு எதை வாங்குவது என்பதில் துளிச் சந்தேகமும் இருக்கவில்லை. ஒரு டி.பி., அதாவது ஆயிரம் ஜி.பி. கொள்ளும் எஸ்.எஸ்.டி., சூயிங்கம் பட்டை மாதிரி ஒல்லியாக இருக்கும் வகை, ஐந்து வருஷ வாரண்டி. லேப்டாப்பில் இருக்கிற பழைய ஹார்டு டிஸ்க் சுவர்ப் பல்லி மாதிரி டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்த நாளிலிருந்து அவன் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தான். எது சூடாகும், எது நிரம்ப நிரம்ப வேகம் குறையும், எது இரண்டே வருஷத்தில் மண்டையைப் போடும், எல்லாம் அத்துப்படி. லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்து, அந்த ஒல்லிப் பட்டைக்கென்று உள்ளே ஒரு காலி இடம் இருப்பதையும் உறுதி செய்திருந்தான். கேட்டால் ஒரு வகுப்பே எடுப்பான், மனசுக்குள். ஆனால் உள்ளே வந்து, ஏ.சி. காற்று வேர்வையில் பட்டு, கௌண்டருக்கு முன்னால் நிற்கிறவர்களின் முதுகுகளைப் பார்த்ததுமே, ஐநூற்றுப் பன்னிரண்டு ஜி.பி. போதுமே என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே, எதற்கு ஐநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்று ஐம்பத்தாறை வாங்கிச் சிக்கனமாக ஓட்டினால் ஆகாதா என்று இன்னொன்று. இந்த நினைப்புகளை அவனுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். இவை மனசிலிருந்து வருகிறவை இல்லை, வாயிலிருந்து வருகிறவை. இருநூத்தம்பத்தாறு என்பது 'இ'யில் ஏறி உட்கார்ந்தால் போதும், சறுக்குமரம் மாதிரி அதுவாகவே தரைக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். ஐநூத்திப் பன்னெண்டின் நடுவில் ஒரு 'ப' படுத்துக் கிடக்கிறது, தாண்டினால் தாண்டலாம். ஒரு டி.பி.யில் 'ஒரு' வரும். 'டி' வராது. நாக்கு நுனி மேலே போய் அண்ணத்தில் ஒட்டும், ஒட்டினது ஒட்டினதுதான். பின்னால் காற்று முட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும், எதிரில் நிற்கிறவர் முதலில் சிரிக்கலாமா என்று யோசித்து, பிறகு பாவம் என்று முடிவெடுத்து, கடைசியில் வேறெங்காவது பார்ப்பார். இந்த முப்பத்தாறு வயசு வரைக்கும் அவன் எதிரில் கண்ட முகங்களில் பாதி, வேறெங்காவது பார்த்துக்கொண்டிருந்த முகங்கள்தான். அதனால் ஹோட்டலில் பூரிக்கு ஆசைப்பட்டு இட்லி சாப்பிட்டான். பாலக்கரையில் இறங்க வேண்டியவன் கண்டக்டரிடம் எடத்தெரு என்று டிக்கெட் கேட்டு மிச்சத் தூரத்தை நடந்தான். நடப்பது உடம்புக்கு நல்லதுதான். இட்லியும் நல்லதுதான். திக்குவாயால் அவனுக்கு வந்த ஆரோக்கியம் கொஞ்சநஞ்சமில்லை.

இளவெயினி அவன் விரலைப் பிடித்து இழுத்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறவள், தலை கௌண்டர் உயரத்துக்குக்கூட வராது. அலமாரிக்குள் ஒரு கீபோர்டு சிவப்பும் நீலமுமாக மினுக்கிக்கொண்டிருந்தது. அப்பா, அதைப் பாரு என்று அவள் சொல்லவில்லை. விரலை நீட்டினாள். அவனும் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். அப்பாவும் மகளும் இப்படி விரலாலும் தலையாலும் பேசிக்கொள்வது வீட்டில் பழகிப்போன சங்கதி. அது அழகு என்றுகூட அவன் நினைத்திருந்தான், போன வாரம் வரைக்கும். போன வாரம் வீட்டுக்குக் கீழே இருக்கும் பேக்கரிக்கு அவளைப் பிஸ்கட் வாங்க அனுப்பிவிட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கவுன் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். பழைய பிஸ்கட் உறை. எப்போதோ தின்றதன் உறையைத் துடைத்து, நாலாக மடித்துப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். கடைக்காரர் உறையைப் பார்த்தார், பிஸ்கட்டைக் கொடுத்தார், ஒரு வார்த்தை செலவில்லை. அது புகழேந்தியின் வித்தை. மருந்துக் கடையில் தீர்ந்துபோன மாத்திரை அட்டையை நீட்டுவது, சலூனில் போனில் இருக்கும் படத்தைக் காட்டுவது, எலக்ட்ரிக் கடைக்கு ஃபியூஸ் போன பல்பையே கையில் கொண்டுபோவது. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்த வாரமே டீச்சர் அவன் மனைவி ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, "பேர் கூப்பிட்டா உங்க பொண்ணு கையத்தான் தூக்குது, வாயத் தொறக்கறதே இல்ல. வீட்லயாவது பேசுமா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் பேசினாள். நாலு வயசில் அடுக்கடுக்காகப் பேசினாள். பிறகு ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் த... த... தண்ணி என்றாள். அன்றைக்கு ஜெசிந்தா அவனைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்தாள், அவன் ஜெசிந்தாவைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்தான். தன் பேரையாவது தடங்கலில்லாமல் சொல்லிக்கொள்ளட்டும் என்று உயிரெழுத்தில் ஆரம்பிக்கிற பேராகத் தேடித் தேடி வைத்தவன் அவன். பேர் என்ன செய்யும், பாவம். தடுக்கி விழுகிற குழந்தைக்கு நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்த மாதிரிதான்.

இந்த எஸ்.எஸ்.டி.யைப் போனில் நாலு தட்டுத் தட்டி வீட்டுக்கே வரவழைத்திருக்கலாம். செருப்பிலிருந்து குக்கர் வளையம் வரைக்கும் அவன் அப்படித்தான் வாங்குகிறான். நேற்றுக்கூட அதை எடுத்துக் கூடையில் போட்டான், பிறகு வெளியே எடுத்தான், மறுபடி போட்டான். வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த ஜெசிந்தா எட்டிப் பார்த்து, "என்ன புகழ், வேண்டாமா?" என்றாள். கடையில் போய் வாங்கிக்கொள்கிறேன், இளாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவன் சொன்னான். எப்படிக் கேப்பீங்க என்று அவள் கேட்கவில்லை. அதுதான் ஜெசிந்தா. "என்ன கேப்பீங்க?" என்றாள். "ஒரு டி.பி." என்றான். வழுக்கிக்கொண்டு வந்தது. வீட்டில், அவள் முன்னால், வராமல் என்ன. அதுதான் இந்தத் திக்கின் அயோக்கியத்தனம், வேண்டாத இடத்தில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். ஜெசிந்தா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். "கடையில போயி டி.பி. இருக்கான்னு கேட்டு வைக்காதீங்க, சளி டெஸ்டுக்கு எங்க லேபுக்கே அனுப்பி விட்டுருவாங்க" என்று சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்துத்தான் கூடையைக் காலி செய்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் முழுக்க அவளோடு போனில் எழுதியேதான் பேசினான். எழுத்தில் அவன் ஒரு வாயாடி. முதல் தடவை நேரில் பார்க்கச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவளிடம், எழுதிப் பழகின அத்தனை வாக்கியங்களும் இருக்க, அவள் பேரே வராமல் ஜெ... ஜெ... என்று நின்றான். அவள் வேறெங்கும் பார்க்கவில்லை. பஸ் ஹாரன், பூக்காரம்மாவின் கூப்பாடு எல்லாவற்றுக்கும் நடுவில், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி சாவகாசமாக நின்றாள்.

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. முன்னால் பச்சைப் புடவை கட்டின ஓர் அம்மா பிரிண்டர் மை வாங்க வந்திருந்தார். மை வேண்டும் என்பதோடு மகன் பெங்களூரில் இருப்பது, அவன் வாங்கிக் கொடுத்த பிரிண்டர் நாலு மாசமாகத் தூசி தின்றது, மருமகளுக்குப் பிரசவத் தேதி நெருங்குவது எல்லாவற்றையும் சொன்னார். எவ்வளவு தாராளம். இலவசமாகத் தண்ணீர் திறந்துவிடுகிறவரைப் பார்ப்பதுபோல் புகழேந்தி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனைக்கும் பேச்சில்தான் அவன் பிழைப்பு ஓடுகிறது. போட்டித் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மையத்தின் வீடியோ பாடங்களை வீட்டிலிருந்தே வெட்டி ஒட்டித் தருகிறான். அங்கே வரலாறு எடுக்கும் சார், பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாய் பார்க்கும் அளவுக்குப் பேச்சாளர். ஆனால் அவர் பேச்சு வெட்டாமல் கொள்ளாமல் முதலில் வந்து சேர்வது புகழேந்தியிடம்தான். அது வந்து, வந்து, என்ன சொல்ல வந்தேன்னா, ம்ம், ஆங், அது வந்து. எல்லாவற்றையும் நறுக்கி எடுத்துவிட்டு ஓட்டினால் ஆறு ஓடுகிற மாதிரி ஓடும். வெட்டினதை அவன் தூக்கிப் போடுவதில்லை. 'மிச்சம்' என்று ஒரு ஃபோல்டர், அதில் எல்லா சார்களின், எல்லா மேடம்களின் தடுமாற்றங்களும் இருக்கின்றன. யாருமில்லாத மத்தியானங்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்பான். வரிசையாக ம்ம், ஆங், வந்து, அதாவது. உலகமே திக்கிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும், மனசு லேசாகிவிடும். அந்த ஆறுதல் மட்டும் நூறு ஜி.பி.யைத் தாண்டிவிட்டது. இருநூற்று ஐம்பத்தாறை வாங்கினால் முதலில் அதை அழிக்க வேண்டும். சரி, அழித்துவிடலாம். அதற்கப்புறம் எதில் கைவைப்பது? இளாவின் வீடியோக்களில். குளியலறையில் பிளாஸ்டிக் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, யானைக்கும் எறும்புக்கும் நடந்த கல்யாணத்தை அவள் மூச்சுவிடாமல் சொல்கிற வீடியோ ஒன்று உண்டு. நாலு வயசு. ஒரு கல்லும் தட்டாமல் ஓடுகிற வண்டி மாதிரி அந்தக் கதை. ஹார்டு டிஸ்க் டிக் டிக்கென்றதும் முதலில் பதறிப்போய் அதைத்தான் வேறு இடத்தில் பிரதி எடுத்து வைத்தான். ஆனால் பார்ப்பதில்லை. பார்த்து வெகுநாள் ஆகிறது. ஏன் பார்ப்பதில்லை என்று இப்போது, பச்சைப் புடவைக்குப் பின்னால் நிற்கும்போது, தோன்றியது. பார்த்தால் அந்த இளாவை வைத்து இந்த இளாவை அளந்துவிடுவோமோ என்ற பயம். இந்த இளாவின் வீடியோ ஒன்றுகூட இல்லையே. போனைத் தூக்கினால் வாயை மூடிக்கொள்கிறாள் என்று அவனும் தூக்குவதை விட்டுவிட்டான். ஐந்து வயசு முழுக்கக் காலி. பல் விழுந்தது, சைக்கிள் ஓட்டப் பழகியது, திக்கித் திக்கி ஆத்திச்சூடி ஒப்பித்தது, ஒன்றும் இல்லை. அழகான பேச்சைத்தான் எடுத்துவைக்க வேண்டும் என்று எவன் சொன்னான்? நானே சொல்லிக்கொண்டேன். இனிமேல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், நீளநீளமாக, வெட்டாமல். அதற்கு இடம் வேண்டும். ஒரு டி.பி.தான். வேறு பேச்சே இல்லை.

வேறு பேச்சே இல்லை என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை, தன் போக்கில், கால்சட்டைப் பைக்குள் போய்ப் போனைத் தொட்டுக்கொண்டிருந்தது. போனில் படம் தயாராக இருந்தது. எஸ்.எஸ்.டி.யின் படம், பெயர், மாடல் எல்லாம் தெளிவாக. எதற்கு எடுத்து வைத்தான்? ஒரு தைரியத்துக்கு. காட்டினால் வேலை முடிந்தது, யாருக்கும் சங்கடமில்லை. இளா அவன் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வெளியே எடுத்தான். வேர்த்திருந்தது. அப்பாவின் ஞாபகம் வந்தது. காந்தி மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விட்டவர் அவர், ஒரே மூச்சில் ஒரு வண்டி முட்டைக்கோஸையும் விற்றுத் தீர்க்கிற குரல். அந்தக் குரல் எப்போதும் புகழேந்திக்குப் பக்கத்திலேயே நின்று, அவன் முடிக்காததை முடித்து வைத்தது. ஒரு தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் கறுப்புச் சட்டை மேல் கண் வைத்து க... க... என்றான். "கத்திரிப்பூ கலருங்க, புள்ள ஆசப்படுறான், எடுத்துப் போடுங்க" என்றார் அப்பா. அந்த வருஷம் முழுக்கக் கத்திரிப்பூ நிறத்தில் நடமாடினான். அவர் மேல் கோபமில்லை. பிள்ளை கஷ்டப்படுகிறானே என்று தாங்காமல் செய்தார். பிள்ளை கஷ்டப்படுவது எவ்வளவு தாங்க முடியாதது என்று அப்போது அவனுக்குத் தெரியாது, இப்போது தெரிகிறது. இன்று காலையில் கிளம்பும்போது இளா வந்து, "அப்பா, ஷூ... ஷூ..." என்றாள். "கட்டிலுக்கு அடியில கெடக்கு பாரு" என்று இவன் முடித்தான். அவள் வாயை மூடிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஏறி அவளை மடியில் வைத்தபோதுதான் தெரிந்தது, ஷூ உள்ளே சொதசொதவென்று ஈரம். நேற்று அலசி வைத்தது காயவில்லை. ஷூ ஈரமா இருக்கு என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள். கழற்றி, சாக்ஸைப் பிழிந்து, சின்னக் காலைத் தன் சட்டையில் துடைத்துவிட்டபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பிரயோஜனமில்லை என்று நினைக்கிற வயசா இது.

பச்சைப் புடவை அம்மா மையை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். "சொல்லுங்க சார், என்ன பாக்குறீங்க?" என்றான் கௌண்டரில் இருந்தவன். தாடி வைத்த வாலிபன், சட்டையில் ஷாநவாஸ் என்று பேர்ப்பட்டை. "ஒரு" என்றான் புகழேந்தி. அது வந்துவிட்டது. அதற்கப்புறம் கதவு சாத்திக்கொண்டது. நாக்கு மேலே போய் ஒட்டியது, அவனுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும், பிறந்த ஊர் மாதிரி தெரியும். ட், என்று காற்றில்லாத ஒரு சத்தம். கண் மூடிக்கொண்டது. "டாங்கிளா சார்?" என்று கேட்டது குரல். இல்லை என்று தலையாட்டினான். ட், ட். "டேட்டா கேபிளா? டைப்-சி வேணுமா, சாதாவா?" குரலில் கிண்டல் எதுவும் இல்லை, சனிக்கிழமைக் கூட்டத்தை ஒப்பேற்றுகிற அவசரம்தான். அதற்குள் ஷாநவாஸின் கை கேபிள்கள் தொங்கும் பக்கம் போய்விட்டது. பின்னால் தோளில் சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு நின்றவர் பெருமூச்சு விட்டார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஒரு கேபிளை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடலாம். டேபிள் ஃபேன் வாங்கப் போய் டார்ச் லைட்டோடு வீடு திரும்பினவன்தானே, அந்த டார்ச் இப்போதும் நன்றாகத்தான் எரிகிறது. கேபிளும் எதற்காவது உதவும். வீட்டுக்குப் போய் ராத்திரி ஆன்லைனில் போட்டுக்கொண்டால் திங்கட்கிழமை வந்துவிடும். தலை ஆடுவதற்குத் தயாராக இருந்தது. அப்போதுதான் விரலில் ஒரு இறுக்கம் தெரிந்தது. கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தான். கடையில் எல்லாரும் கவனமாக எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, இளா மட்டும் நேராக அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துபோய் இல்லை. பட்டம் மேலே ஏறுமா ஏறாதா என்று பார்க்கிற மாதிரி. புகழேந்தி உள்ளங்கையை ஷாநவாஸுக்குக் காட்டினான். இரு என்பதுபோல். மூச்சை வெளியே விட்டான். "எனக்கு" என்றான். "எனக்குத் தி... தி... திக்கும். கொஞ்சம் நே... நேரமாகும். நானே சொல்றேன்."

இப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வரும் என்று அவன் நினைத்ததே இல்லை. சொன்னதும் காது மடல் சுட்டது. மறைத்து மறைத்து வைத்த ஒன்றை, தெரியாதவன் முன்னால், பட்டப்பகலில், கண்ணாடி மேசை மேல் எடுத்து வைத்தாயிற்று. என்ன ஆகும்? ஒன்றும் ஆகவில்லை. சி.பி.யு.காரர் தோள் மாற்றிக்கொண்டார். ஷாநவாஸ் கேபிள்களை விட்டுவிட்டு வந்து, "அட, அதுக்கென்ன சார், சொல்லுங்க" என்று இரண்டு கையையும் மேசை மேல் ஊன்றிக்கொண்டான். புகழேந்தி மறுபடி அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றான். முட்டவில்லை இந்தத் தடவை, நின்றான். "ஒரு ட்... ட்... ட்... டி.பி." வந்துவிட்டது, கோணல்மாணலாக, பாதி காற்றும் பாதி எழுத்துமாக. "எஸ்.எஸ்.டி. லேப்டாப்புக்கு. ஒல்லியா இருக்குமே, அ... அந்த மாடல்." ஷாநவாஸ் அலமாரிக்குத் திரும்பி இரண்டு மூன்று டப்பாக்களை எடுத்துப் பரப்பினான். "சார், ஒரு டி.பி. அவசியமா? ஐநூத்திப் பன்னெண்டுல இன்னைக்கு ஆஃபர் போயிட்டிருக்கு. வீட்டு யூஸுக்கு எல்லாரும் இதான் எடுக்குறாங்க." எத்தனை கரிசனம். எத்தனை சுலபம். சரி என்று ஒரு தலையசைப்பு, அதுகூடப் பாதி இறங்கிவிட்டது, தாடை நெஞ்சைத் தொடப் போகிறது. கத்திரிப்பூ நிறம் கண்ணில் அடித்தது. புகழேந்தி தலையை நிமிர்த்தினான். "வேணும்" என்றான். "ஒரு..." இரண்டாம் தடவை சுலபமாக இருக்கும் என்று எண்ணியிருந்தான். அப்படி இருக்கவில்லை, முதல் தடவையைவிட மோசம், உதடுகூடக் கோணிக்கொண்டது. ஆனால் கண்ணை மூடவில்லை. "ட்... ட்... ட்... டி.பி.தான் வேணும். நிறைய வீ... வீடியோ வெக்கணும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னவோ ஒரு வெறி, ஒரு மாதமாகப் படித்ததையெல்லாம் கேட்க ஆரம்பித்தான். முக்கால்வாசி நிரம்பினால் வேகம் குறையுமா, சூடாகுமா, இந்த இரண்டில் எதற்கு ஐந்து வருஷ வாரண்டி. ஒவ்வொரு கேள்வியும் எங்காவது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு, பிய்த்துக்கொண்டு வந்தது. ஷாநவாஸ் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துப் பதில் சொன்னான். தெரியாததற்குத் தெரியாது என்றான். கேள்வி கேட்பது இவ்வளவு ருசியான காரியமா. "இது" என்று கடைசியில் ஒரு டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான் புகழேந்தி. உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் லேசாக இருந்தது.

"பேர் சொல்லுங்க சார், பில்லுல போடணும். வாரண்டிக்கு இந்தப் பேர்தான்." அன்பு என்ற பேர் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. பேர் கேட்கிற எல்லா இடத்திலும் அவன் அன்புதான். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, இந்தப் பழைய லேப்டாப், எல்லாவற்றின் பில்லும் அன்பு என்கிற ஒருவனுக்குச் சொந்தம். வீட்டில் ஒரு பை நிறைய இருக்கிறான் அந்த அன்பு, சரளமாகப் பேசுகிறவன், எந்தக் கடையிலும் வரிசையைத் தடுக்காதவன். ஒரு தடவை ஜெசிந்தா அந்தப் பையைக் குடைந்துவிட்டு, "யாருங்க இந்த அன்பு, நம்ம வீட்ல பாதி சாமான் அவருதா?" என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டாள். இளாவுக்கு அப்பாவின் பேர் தெரியும். ஒன்றாம் வகுப்பில் முதல் பாடமே அதுதான், என் பெயர், என் அப்பா பெயர். புகழேந்தி உதட்டைச் சேர்த்தான். 'பு'வுக்கு உதடு சேர வேண்டும், சேர்ந்தால் பிரியாது, அதுதான் தகராறு. சேர்ந்தது. பிரியவில்லை. கம்ப்யூட்டர் திரையில் பேர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அது மின்னுவதையே பார்த்தான். வெளியே ஒரு பஸ் போனது. கண்ணாடி அதிர்ந்தது. ஏ.சி. சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் நடந்துகொண்டிருந்தது, அவன் உதடு மட்டும் நின்றது. நிற்கட்டும். "பு... பு..." என்று ஊதினமாதிரி வந்தது, "புகழேந்தி." ஷாநவாஸ் தட்டினான். "ழவுக்கு இசட் போடணுமா, எல் போடணுமா சார்?" "இ... இசட்." முழுப்பேரும் திரையில் வந்து நின்றது. கடையில் சொந்தப் பேரில் வாங்குகிற முதல் பொருள். கல்யாணப் பத்திரிகையில் பேரைப் பார்த்தபோதுகூட இப்படி இல்லை.

பிரிண்டர் கரகரவென்று பில்லை இழுத்துக்கொண்டிருக்கும்போது ஷாநவாஸ் மேசைக்கு மேலாக எட்டி, "என்ன பாப்பா, அப்பா லேப்டாப்புல கேம் ஏத்தப் போறியா?" என்றான். யாராவது பேச்சுக் கொடுத்தால் இளா புகழேந்தியின் தொடைக்குப் பின்னால் போய்விடுவாள், இவன் அவளுக்காகச் சிரித்து, இல்லை என்றோ ஆமாம் என்றோ தலையாட்டி அனுப்பி வைப்பான். இன்றைக்கும் தலை ஆடப் போனது. பிடித்து நிறுத்தினான். அடுத்து, இல்லிங்க, அவளுக்குக் கேமெல்லாம் தெரியாது என்ற பதில் வாயில் வந்தது, முழுசாக, ஒரு தடங்கலும் இல்லாமல், வேறெப்போதும் வராத சரளத்தோடு. அதையும் விழுங்கினான். மேசை மேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். தான் திக்கும்போது முட்டுவது தொண்டையில் மட்டும்தான், இப்போது உடம்பு பூராவும் முட்டியது. அப்பா, இதைத்தான் நீங்கள் தாங்கமாட்டாமல் கத்திரிப்பூ என்றீர்கள். பிரிண்டர் நின்றது. ஷாநவாஸ் இன்னும் சிரித்த முகமாக எட்டிக்கொண்டிருந்தான். "எங்..." என்றது கீழேயிருந்து ஒரு குரல். "எங்... எங்... எங்க ஸ்கூல்ல நா... நாய் குட்டி போட்டுருக்கு."

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. "அட, அப்படியா! எத்தன குட்டி?" என்றான் ஷாநவாஸ். இளா நாலு விரலைத் தூக்கினாள். தூக்கினவள் அதைப் பார்த்தாள், கையை இறக்கிக்கொண்டாள். "நா... நா... நாலு. மா... மாடிப்படிக்கு அடியில. வாட்ச்மேன் அண்ணன் சா... சாக்கு போட்டுருக்காங்க. மூணு கறுப்பு. ஒண்ணு வெ... வெள்ள. அதுக்கு இன்னும் கண்ணே தொ... தொறக்கல." புகழேந்திக்கு இது ஒன்றுமே தெரியாது. ஸ்கூலில் இன்றைக்கு என்ன நடந்தது என்று தினம் சாயங்காலம் கேட்கிறான், தினம் தோளைக் குலுக்குகிறாள். மாடிப்படிக்கு அடியில் இத்தனை நடந்திருக்கிறது. சாக்கு விரித்திருக்கிறது, நாய் படுத்திருக்கிறது, இவள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள், கண் திறந்ததா திறந்ததா என்று தினம் போய்ப் பார்த்திருக்கிறாள், எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். "நா... நான் அதுக்குப் பேரு வெச்சுருக்கேன்" என்றாள். பின்னால் இருந்தவர் சி.பி.யு.வைத் தரையில் இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. ஷாநவாஸ் நீட்டின பில் அந்தரத்தில் நின்றது. புகழேந்தி அதை வாங்கவில்லை. கையிலிருந்த டப்பாவை மேசை மேல் வைத்துவிட்டு, அவள் முகத்துக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "என்ன பே... பேரு?" என்றான். "ப..." என்றாள் இளா. உதடு சேர்ந்தது. "ப... ப..." கண் மூடிக்கொண்டது. பப்பி, பஞ்சு, பவுடர், பனி என்று அவன் மனசு அடுக்க ஆரம்பித்தது. போதும் என்று அதை நிறுத்தினான். நிறுத்தினதும் உள்ளே அமைதியாக இருந்தது. அவளுடைய மூக்கு நுனியில் வேர்வை பூத்திருந்தது, நெற்றியில் ஒரு முடி ஒட்டியிருந்தது, இத்தனை பக்கத்திலிருந்து இதையெல்லாம் பார்த்து எத்தனை நாளாயிற்று. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஜெசிந்தா நின்றமாதிரி நின்றுவிடலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். "ப... ப... பரோட்டா!" என்றாள் இளா.

ஷாநவாஸ் மேசையைத் தட்டிச் சிரித்தான். சி.பி.யு.காரர் சிரித்தார், மை வாங்கிக்கொண்டு இன்னும் போகாமல் கதவோரம் நின்றிருந்த பச்சைப் புடவை அம்மா, "பரோட்டாவா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். இளா சுற்றிலும் பார்த்தாள். இது எந்தச் சிரிப்பு என்று அவள் முகம் ஒரு கணம் யோசித்தது. பிறகு அவளும் சிரித்தாள், விழுந்த பல்லின் ஓட்டை தெரிய. "சு... சுருண்டு கெடக்கும்ல, அதான்" என்று எல்லாருக்கும் விளக்கம் சொன்னாள். அவள் இன்னும் முடிக்கவில்லை என்பது அவள் மூச்சை இழுத்த விதத்திலேயே தெரிந்தது.

"அப்புறம்?" என்றான் புகழேந்தி.